வாழை வெட்டும் வாள்

போலீஸ் ஜீப்பின் பின்பக்கத்தில் வாள்களை வீசியபோது எழுந்த சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. விறகு ஏற்றுவதுபோல் இரண்டு கான்ஸ்டபிள்கள் அவற்றைக் கொட்டகையிலிருந்து கைகொள்ளாமல் அள்ளி வந்து எறிந்தார்கள். பக்கத்தில் கையைக் கயிற்றால் கட்டி நிறுத்தி வைத்திருந்த மாமா, ஒவ்வொரு வாள் விழும்போதும் தன் உடம்பில் விழுவதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டார். "மெதுவா போடு சார், கைப்பிடி கயண்டுக்கும்" என்றார். கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்து, "இன்னா, பொண்ணு ஊட்டு சீரா ஏத்திக்கினு இருக்கோம்?" என்றார். சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது.

மாமா என்பது என் அக்காவின் கணவர். கும்மிடிப்பூண்டிக்கு வெளியே இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் உலை வேலை. எங்கள் அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவன் நான். பதினோராம் வகுப்பு முடித்ததும் அக்கா வீட்டிலேயே தங்கி, அங்கிருந்து ரயிலில் பொன்னேரிக்குப் போய் பி.யூ.சி. படித்தேன். மாமாவுக்குத் தன் பெயரைக்கூட எழுத வராது. சம்பளத் தாளில் கட்டைவிரலைப் பதிப்பார். அதைப் பற்றி அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. "எனுக்கு பதுலு நீ படி மச்சான், உனுக்கு பதுலு நான் நெருப்புல நிக்கறேன்" என்பார்.

மில் தொழிலாளர்கள் ஒரு நாடக மன்றம் வைத்திருந்தார்கள். மற்ற மன்றங்கள் குடும்பக் கதை போட்டபோது எங்கள் மன்றம் போர் மட்டுமே போட்டது. காணும் பொங்கல் அன்று மாலை, மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில், சோழர் படையும் எதிரிப் படையும் நேருக்கு நேர் ஓடி வந்து மோதும். வசனம் குறைவு, ஓட்டம் அதிகம். தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து வாடகைக்கு உடுப்பு வரும். வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாள்கள் அதிலேயே வரும். ஒரு வருஷம் தளபதியாக வந்த மாமா ஓங்கிய வாள் நடுவில் மடிந்து தொங்கிவிட்டது. ஆரம்பாக்கத்திலிருந்து வந்திருந்த கூட்டத்தில் ஒருவன் எழுந்து நின்று, "தளபதி, கத்திய ஊட்ல உட்டுட்டு அப்பளத்த எடுத்தாந்துட்டியா?" என்று கத்தினான். அதற்குப் பிறகு எதிரிப் படையே சிரித்து விழுந்தது, செத்து விழவில்லை.

மறு வருஷம் மாமா இரும்பு வாளோடு வந்தார். பழைய லாரியின் அடியில் போட்டிருந்த வில் பட்டையை வாங்கி, தெரிந்த பட்டறையில் காய்ச்சி அடித்து, இறுகுவதற்குத் தண்ணீரில் முக்கி, அவரே செய்தது. கூட்டம் நம்பவில்லை. "இதுவும் அட்டதான், சாயம்தான் புச்சு" என்று குரல் வந்தது. மாமா நேராகப் பந்தல் வாசலுக்குப் போய், தோரணத்துக்குக் கட்டியிருந்த வாழை மரத்தை ஒரே வெட்டில் இரண்டாக்கினார். மேல்பாதி ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, பிறகு வழுக்கி விழுந்தது. அந்தக் கூச்சலை நான் அதற்குப் பின் எங்கேயும் கேட்டதில்லை. அதிலிருந்து வாழை வெட்டாமல் எங்கள் போர் தொடங்கியதில்லை. பொன்னேரியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் வந்தவர்கள் போரைவிட அந்த வெட்டைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

பிறகு எல்லோருக்கும் இரும்பு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றக் கொட்டகை ஒரு படைக்கலச் சாலையாக மாறியது. மாமா வைத்த சட்டம் ஒன்றுதான்: அடுத்தவன் செய்ததை எவனும் எடுக்கக் கூடாது, அவனவன் வாளை அவனவன்தான் அடிக்க வேண்டும். கைப்பிடிக்குக் கருவேலங்கட்டை செதுக்க ஒருவர், கேடயத்துக்குத் தோல் இழுத்துத் தைக்க ஒருவர் என்று ஆளுக்கு ஒன்றைக் கற்று அடுத்த ஆளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வளையச் சட்டை அக்காவின் பொறுப்பு. கட்டுக்கம்பியை ஒரு கம்பியில் சுருளாகச் சுற்றி, வளையம் வளையமாக வெட்டி, ஒன்றை நான்கோடு கோத்துக்கொண்டே போக வேண்டும். உலைக்கு முன்னால் நிற்கிற தடித்த விரல்களுக்கு அது வசப்படவில்லை. அக்கா குறடால் அவர்கள் விரலைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பாள். "கம்பிய கோக்க சொன்னா கயுத்த நெரிக்கறியே. உன் பொண்டாட்டி எப்பிடிதான் உன்கூட குப்ப கொட்றா?" என்பாள். திட்டு வாங்குகிறவனே சிரிப்பான்.

என் பங்கும் இருந்தது. நான் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய ஆயுதங்களையும், பள்ளிப்பட்டுப் பக்கம் வயலில் நின்ற வீரக்கல்லையும் பார்த்துவிட்டு வந்து, வாள் எப்படி வளைய வேண்டும், இடுப்புக் கச்சை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்வேன். கல்லில் இருக்கிற வீரனுக்கு மேலே சட்டையே இல்லை, நம் வளையச் சட்டை தப்பு என்று ஒருநாள் சொன்னேன். மாமா யோசித்துவிட்டு, "வெறும் ஒடம்போட சண்ட போட்டா கள்ளுக்கட சண்டன்னுதான்டா நெனிப்பானுங்க. சட்ட இருக்கட்டும்" என்றார். சோழன் அப்படி ஒரு சட்டை போட்டானா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் சோழன் போட்டான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பின்னால் வந்த எல்லாமே அதிலிருந்துதான் வந்தன. ஓடி வந்து மோதுகிற கூட்டம் என்பதால் எல்லா வாளும் மொக்கையாகவே இருக்கும், விரலை வைத்து இழுத்தாலும் கீறாது. மாமாவின் வாளை மட்டும் போர் நாளன்று காலையில் சாணை பிடிப்பார்கள். தவறி யாரும் எடுத்துவிடாமல் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். வாழையை வெட்டியதும் அந்த வாளை ஓரமாக வைத்துவிட்டு மாமா மொக்கை வாளை எடுத்துக்கொள்வார். மறுநாளே வெட்டிய வாளைக் கல்லில் தேய்த்துக் கூர் மழுக்கி எண்ணெய் போட்டு வைப்பார். ஆனால் வாழை வெட்டுகிறவரை மழுக்கக் கூடாது. யார் வைத்த விதி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "சாணை பிடிச்சிட்டு வெட்டாம வெச்சா, பசியோட படுக்க வெச்ச மாதிரி" என்று மாமா சொல்வார். அப்படிச் சொல்லியே அது விதியாகிவிட்டது.

அந்த வருஷம், சாணையில் தேய்ந்துபோன பழைய வாளுக்குப் பதில் மாமா புதிதாக ஒன்று அடித்திருந்தார்; அது இன்னும் எதையும் வெட்டியதில்லை. காணும் பொங்கலன்று காலையில் அதைச் சாணை பிடித்தார்கள். மதியம் மில் கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். போனஸ் பேச்சு இழுபறியில் இருந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பண்டிகை நாளில் ஒட்டுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உடுப்புப் போட்டுக்கொண்டு பாதி சோழர்களாக இருந்தவர்கள் அப்படியே கேட்டுக்கு ஓடினார்கள். போர் நடக்கவில்லை. பொட்டலில் நட்டு வைத்த வாழை வெயிலில் நின்றது, மாலையில் மாடு வந்து தின்றது.

"அத்த மயுக்கி வெச்சிருய்யா" என்று அக்கா சொன்னாள். "வெட்டாமயா? கேட்டு தொறக்கட்டும், அன்னிக்கே ஆட்டத்த வெச்சிக்கலாம்" என்று மாமா வாளைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்தார். கேட் திறக்கும் என்ற நம்பிக்கையைத்தான் அவர் அந்தச் சாக்கில் சுற்றி வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. மழுக்கியிருந்தால் அந்த நம்பிக்கை போய்விடும் என்று பயந்திருப்பார்.

கதவடைப்பு வாரக்கணக்கில் நீண்டது. வீட்டில் உலை வைக்கிற நேரங்கள் குறைந்தன. ஒருநாள் யாரோ ஒருவன் மில் மேனேஜரின் காரில் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தான். மறுநாள் போலீஸ் தொழிலாளர் வீடுகளையெல்லாம் புரட்டியது, மன்றக் கொட்டகைப் பூட்டையும் உடைத்தது. உள்ளே ஒரு படைக்கு வேண்டிய வாள்கள். யாருடையவை என்று கேட்டார்கள். அவனவன் செய்த வாள் அவனவனுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன, நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாமா முன்னால் போய், "எல்லாம் என்னுது சார். நான்தான் அடிச்சேன்" என்றார். சாக்கைப் பிரித்த கான்ஸ்டபிள் அந்த ஒரு வாளின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்து, சட்டென்று கையை எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார். அந்தத் துளி ரத்தம் போதுமானதாக இருந்தது.

மாமாவைப் பொன்னேரி கிளைச் சிறையில் வைத்தார்கள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட நிலம் நீச்சு உள்ளவர்கள் யாரும் எங்கள் பக்கம் இல்லை. இதற்கிடையே சமரசப் பேச்சு தொடங்கியது. மில் சீக்கிரம் திறக்கும், ஆனால் மேலே கேஸ் இருக்கிறவனை உள்ளே விட மாட்டார்கள் என்று செய்தி வந்தது. கேட் திறப்பதற்குள் கேஸ் உடைய வேண்டும். அக்காவுக்கும் எனக்கும் மூச்சு விடுவது, சாப்பிடுவது எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே இருந்தது. இரண்டு சின்னப் பெண் குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அக்கா தினமும் என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தாள். நான் தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாக மனு எழுதினேன். இரண்டையும் இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் படித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது.

"தம்பி, நல்லா எழுதியிருக்க. நாடகத்துக்கு வெச்சிருந்த கத்தின்னு ஒத்துக்கறேன். எல்லாம் மொக்கதான். இந்த ஒண்ண எதுக்கு தீட்டி வெச்சிருக்கு?"

"வாழை வெட்டறதுக்கு சார்."

"வாழதான் வெட்டலியே?"

"வெட்டாததுனாலதான் சார் மழுக்கல. அது மன்றத்து வழக்கம். பசியோட படுக்க வெச்ச மாதிரின்னு மாமா சொல்வாரு."

அவர் மனுவைக் கீழே வைத்தார். "அதாவது, கத்தி பசியோட இருக்குது. அதனால தூங்க வெக்கல. இத்த நான் கோர்ட்டுல போய் சொல்லட்டுமா?"

பின்னால் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவர் எங்கள் போரைப் பார்த்தவர், பந்தோபஸ்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் எதையோ பார்த்தார். படித்தவன் என்று என்னை நம்பி அக்கா அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். உண்மையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. அந்த உண்மையோ சொல்லச் சொல்லப் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

மறுநாள் காலை அக்கா எனக்கு முன்னால் கிளம்பிவிட்டிருந்தாள். நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ஆளுயர வாழைத் தண்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். குலை தள்ளாத இளமரம். தண்டின் நீர் அவள் ரவிக்கையெல்லாம் வடிந்து கறையாகியிருந்தது. எங்கே வாங்கினாள், என்ன சொல்லிக் கேட்டாள் என்று தெரியவில்லை. "சார், என் தம்பி சொன்னா நம்ப மாட்றீங்க. கண்ணால பாருங்க. இதுக்குதான் சார் அந்தக் கத்தி. ஒரு மன்சன வெட்டறதுக்கா ஊர கூட்டி வாசல்ல மோளம் அடிச்சிக்கினு கத்தி தீட்டுவாங்க?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சலிப்போடு பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "எடுத்தாய்யா அத்த. இந்தம்மா வெட்டட்டும், பாக்கலாம்" என்றார். ஏட்டு சிவப்புத் துணி கட்டிய வாளைக் கொண்டுவந்தார். முற்றத்து மண்ணில் குழி பறித்துத் தண்டை நட்டார்கள். அக்கா இதுவரை வாழை வெட்டியதில்லை, பெண்களுக்குப் போரில் இடமில்லை. ஆனால் எத்தனை வருஷம் அந்த வெட்டைப் பார்த்திருக்கிறாள்! முந்தானையை இழுத்துச் செருகினாள். வலது காலை முன்னால் வைத்து, தோளுக்கு மேலே ஓங்கி, சாய்வாக இறக்கினாள். சத்தமே இல்லை. தண்டு அப்படியே நின்றது. தவறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மேல்பாதி மெல்ல நழுவி மண்ணில் விழுந்தது. வெட்டிய இடத்தில் நீர் பொங்கி முத்து முத்தாக நின்றது.

ஒரு கான்ஸ்டபிள் தன்னை மறந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்காவின் முகத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? கணவனைச் சிறையில் விட்டுவிட்டு வந்தவள் அந்தக் கணத்தில் பெருமையால் நிறைந்திருந்தாள். "பாத்தீங்களா சார்?" என்றாள்.

"பாத்தம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒரு பொம்பள வெட்டி ஒரே வெட்டுல போவுது. இத்த நான் இன்னான்னு எழுதறது? வெளாட்டு சாமான்னா?"

அக்கா கையிலிருந்த வாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஏட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளை வாங்கிக்கொண்டார்.

பொன்னேரியில் ஒரு வக்கீல் ஏழைத் தொழிலாளி என்று இரங்கி வழக்கை எடுத்தார். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் ஒரே வெட்டுன்னு சாட்சி சொல்லுவாரு. அது நின்னா நம்ம கதை முடிஞ்சுது. அந்தக் கத்தி உதவாக்கரைன்னு கோர்ட்டு நம்பணும். நீதான்மா சொல்லணும்" என்றார். அக்கா உடனே, "சொல்றேன் சார்" என்றாள்.

ஆனால் வாய்தாவுக்கு மேல் வாய்தா போனது. ஒருநாள் அரசாங்க வக்கீல் வரவில்லை, ஒருநாள் மாஜிஸ்திரேட் விடுப்பு. ஒவ்வொரு முறையும் மாமா கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது ஒன்றுதான்: "கேட்டு தொறந்துட்டாங்களா?" இல்லை என்றதும் முகம் தெளிந்து உள்ளே போவார். பிறகு ஒரு திங்கட்கிழமை விடியலில் மில் சங்கு ஊதியது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம். தெருவெல்லாம் ஆள் நடமாட்டம், சைக்கிள் மணி. அக்கா பழக்கத்தில் எழுந்து மாமாவின் தூக்குச் சட்டியைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாய்தாவில் மாமா கேட்டபோது நான், "இன்னும் இல்ல மாமா" என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்; இந்த முறை அவர் முகம் தெளியவில்லை.

விசாரணை வந்தது. மேஜைமேல் வைத்த வாள், ஸ்டேஷனில் எண்ணெய் காணாமல் கிடந்து துருவேறி மழுங்கியிருந்தது. ஒரே வெட்டில் துண்டானது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ஏட்டு, தாம் வேறு வேலையாக இருந்ததால் எத்தனை வெட்டு என்று கவனிக்கவில்லை என்றார். அவர் எங்களுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அக்கா கூண்டில் ஏறினாள். எதிரே கூண்டில் மாமா. பின்னால் அவரிடம் தொழில் கற்ற நாலைந்து பேர், மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"எங்க சார் வெட்டுச்சி?" என்றாள் அக்கா. "வெட்டவே இல்ல. இயுத்து இயுத்து அறுத்தேன். நார் நாரா கியிஞ்சிது. அதெல்லாம் ஒரு கத்தியா சார்? வெங்காயம்கூட நறுக்காது. எங்க ஊட்டுக்காரருக்கு அந்த வேல சரியா வராது. ஆசைக்கு தட்டி வெச்சிருக்காரு."

மாமா அவளைப் பார்க்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள். யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ரயிலில் மூவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து வந்தோம். மில் திறந்துவிட்டது, அவரை எடுக்க மாட்டார்கள் என்று அக்கா சொன்னாள். "தெரியும்" என்றார். கவரைப்பேட்டை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "நெஜமா இயுத்து இயுத்தா அறுத்த?" என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆமாய்யா" என்றாள். "இயுத்து இயுத்துதான்."

மாமா தலையை ஆட்டினார். "தண்ணில முக்கும்போதே தோணிச்சி. கொஞ்சம் முந்தி முக்கிட்டேன் போல" என்றார். இன்ஸ்பெக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை, பெண்டாட்டி சொன்னதை நம்பினார்.

அன்று அவர் கிணற்றடிக்குப் போனபோது அக்காவிடம் சண்டைக்குப் போனேன். கோர்ட்டில் சொன்னது சரி, அவரிடமும் ஏன் என்றேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பேசினாள். "நல்லா வெட்டிச்சின்னு சொன்னா நாளைக்கே போய் பட்டறைல நிப்பாரு. இன்னொரு தபா அந்த டேசன் படி ஏற என்னால ஆவாதுடா. நீ சொல்லாத. என் மேல ஆணை." நான் சரி என்றேன்.

இது நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. மாமா இப்போது சோழவரம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கல் அடுக்குகிறார். நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருக்கிறேன். மன்றத்து ஆட்கள் சிலர் அவரைத் தேடி வந்து, மறுபடியும் போர் போடலாம், நீ வந்து வாள் அடிக்கக் கற்றுக்கொடு என்று கூப்பிட்டார்கள். "நம்பள்து வெட்டாதுப்பா. கோர்ட்டுலயே சொல்ட்டாங்களே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். போன மாதம் போனபோது, சூளையிலிருந்து இறக்கிய செங்கல் ஒன்றை எடுத்து விரலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சரியில்லை என்பதுபோல் கீழே வைத்தார். அது நன்றாக வெந்த கல் என்று சூளைக்காரர் சொன்னார். மாமா தன் கையையும் காதையும் இப்போது நம்புவதில்லை.

சொல்ல மாட்டேன் என்று அக்காவிடம் சொன்ன வார்த்தையை நான் மீறவில்லை. எழுதுவதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. இது அச்சில் வந்து அவர் மடியிலேயே விழுந்தாலும் அவருக்கு வெறும் கறுப்பு வரிகள்தான். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தச் சூளைப் பக்கம் போக நேர்ந்தால், அவரிடம் படித்துக் காட்டிவிட வேண்டாம். எங்காவது ஓர் இடத்தில் இது இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அது நல்ல வாள் மாமா. ஒரே வெட்டு.